யாரை முதலில் பார்ப்பது?

பிள்ளைப்பேறு சம்பந்தமான ஒரு மருத்துவப் பரிசோதனையை இலக்கியச் சஞ்சிகையில் எழுதலாமா என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கக்கூடும். நமது சிறுகதைகளில் பிள்ளையில்லாத பெண் நிறையவே வந்துபோயிருக்கிறாள். நேர்ச்சை வைப்பாள், கந்தூரிக்கு அரிசி கொடுப்பாள், மாமியின் குத்தல் பேச்சுக்குக் குசினிக்குள் நின்று அழுவாள். சில கதைகளில் கணவனுக்குத் தானே இன்னொருத்தியைப் பார்த்தும் கொடுப்பாள். ஆனால் அதே பெண் வைத்தியரின் அறைக்குள் போய், மேசையில் படுத்து, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கும் பத்து நிமிடங்களை எழுதிய கதைகளை நான் அதிகம் வாசித்ததில்லை. அந்தப் பத்து நிமிடங்களுக்கு முன்னும் பின்னும் நடப்பவற்றில் நியாயம் அநியாயம் பற்றிய கேள்விகள் சில இருக்கின்றன. வைத்தியர்கள் அவற்றைத் தங்கள் வேலையென்று நினைப்பதில்லை. மௌலவிமாரிடம் யாரும் அவற்றைக் கேட்பதுமில்லை. ஆகவே எழுதுகிறவர்கள்தான் கேட்கவேண்டும்.

நான் மருத்துவம் படித்தவளல்ல. முப்பது வருடமளவில் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்தவள். இனப்பெருக்கத் தொகுதி பாடம் வரும்போது பலோப்பியன் குழாய் என்ற பெயரைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, பிள்ளைகளின் முகத்தைப் பாராமல் அடுத்த பாடத்துக்குத் தாவிவிடும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குழாய் அவ்வளவு அவசரமாகக் கடந்துபோகத்தக்கதல்ல. இத்தாலியின் பாதுவா நகரில் கற்பித்த கப்ரியேல் பலோப்பியோ 1561இல் வெளியிட்ட உடற்கூற்று நூலில் அதை விவரித்தார். அவருடைய கண்ணுக்கு அது ஓர் எக்காளம் போலத் தெரிந்திருக்கிறது. கருப்பையிலிருந்து மெல்லியதாய்ப் புறப்பட்டு, சூலகத்தை நெருங்கும்போது விரிந்து, ஓரத்தில் குஞ்சம் வைத்ததுபோல் முடிகிற குழாய். நீளம் பத்துச் சென்ரிமீற்றர் அளவு. மிக ஒடுங்கிய இடத்தில் உட்துவாரம் ஒரு மில்லிமீற்றர் இருந்தால் அதிகம். சூலும் விந்தும் சந்திப்பது அதற்குள்தான். சந்தித்தபின் நான்கைந்து நாட்கள் மெல்ல நகர்ந்து கருப்பைக்கு வந்துசேரவேண்டியதும் அதே வழியால்தான். ஒரு குண்டூசி முனையளவு தழும்பு அந்த வழியை அடைத்துவிடப் போதும்.

அடைப்பிருக்கிறதா என்று வெளியே நின்று அறிவது எப்படி? நியூயோர்க்கில் ஐசிடோர் ரூபின் என்ற வைத்தியர் 1920இல் ஒரு வழி சொன்னார். கருப்பைக்குள் வாயுவைச் செலுத்துவது. குழாய் திறந்திருந்தால் வாயு வயிற்றறைக்குள் போய், பெண் எழுந்து உட்கார்ந்ததும் மேலேறி, பிரிமென்றகட்டின் அடியில் தங்கும். அப்போது அவளுக்குத் தோள்மூட்டில் வலி வரும். தோள் வலித்தால் வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். இதை முதன்முதலில் வாசித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடிவைத்தேன். வலிக்கவில்லையே என்று அழுத பெண்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

பிறகு எக்ஸ்ரே வந்தது. கழுத்துவழியாக ஒரு சிறு குழாயைச் செலுத்திச் சாயத்தை ஏற்றிப் படமெடுப்பது. கழுத்து என்றால் கருப்பையின் கழுத்து. இதைத்தான் எச்.எஸ்.ஜி. என்கிறார்கள். நமது பெண்கள் ‘டை அடிச்சுப் படமெடுக்கிறது’ என்பார்கள். படத்தில் கருப்பை ஒரு தலைகீழ் முக்கோணமாக வெளிறித் தெரியும். அதன் இரு மூலைகளிலிருந்தும் இரண்டு நூலிழைகள் புறப்பட்டு வளைந்து போகும். இழையின் நுனியிலிருந்து சாயம் புகைபோலச் சிதறினால் குழாய் திறந்திருக்கிறது. சிதறாவிட்டால் அடைப்பு இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்லவேண்டும். பயத்திலோ வலியிலோ தசை இறுகிக் குழாயின் வாய் தற்காலிகமாக மூடிக்கொள்வதும் உண்டு. அது படத்தில் அடைப்பைப் போலவே விழும். பயந்த பெண்ணின் படமும் நோயுற்ற பெண்ணின் படமும் ஒன்றுபோல இருக்கக்கூடும் என்பதை இந்தக் கட்டுரையில் மறுபடியும் சொல்லவேண்டி வரும்.

அந்தச் சாயத்துக்கும் ஒரு கதை உண்டு. 1901இல் பிரான்சில் கசகசா எண்ணெயோடு அயடினைச் சேர்த்து ‘லிப்பியோடோல்’ என்ற மருந்தைச் செய்தார்கள். எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும் என்பதால் அது பின்னாளில் இந்த வேலைக்கு வந்தது. எண்ணெய்ச் சாயம் ஏற்றிய பெண்களில் பலர் அடுத்த சில மாதங்களில் கர்ப்பமாகிறார்கள் என்று வைத்தியர்கள் நெடுங்காலமாகப் பேசிக்கொண்டார்கள். 2017இல் நெதர்லாந்தில் 27 வைத்தியசாலைகளில் 1119 பெண்களிடம் செய்த ஆய்வு அந்தப் பேச்சுக்குக் கணக்குக் கொடுத்தது. ஆறு மாதத்துக்குள் கருத்தரித்தவர்கள் எண்ணெய்ச் சாயத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 40, நீர்ச் சாயத்தில் 29. பார்ப்பதற்காகச் செய்த காரியம் பரிகாரமாகவும் அமைந்துவிட்டது. (கசகசா என்றதும் வளைகுடாவுக்குப் போய்வந்த ஓர் உறவினர், அது அங்கே தடைசெய்யப்பட்ட பொருளாயிற்றே, ஹலாலா என்று கேட்டார். கசகசா எண்ணெயில் போதை இல்லை என்றேன். அவருடைய வீட்டுக் குருமாவில் அது இருக்கிறது என்பதையும் ஞாபகப்படுத்தினேன்.)

இப்போது பேசப்படுவது நுரை. செலுலோசுச் சேர்க்கையும் கிளிசரினும் நீரும் கலந்த ஒரு களியை நுரைக்கவைத்து மெல்ல உள்ளே செலுத்தி, ஸ்கேன் திரையில் அது குழாய்வழியே ஓடுவதைப் பார்க்கிறார்கள். 2011 அளவில் நெதர்லாந்து வைத்தியர்கள் இதை எழுதினார்கள். அமெரிக்காவில் 2019இல் அனுமதி கிடைத்தது. எக்ஸ்ரே கதிர் இல்லை, அயடின் இல்லை. நெதர்லாந்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் இரண்டையும் செய்து ஒப்பிட்ட ஆய்வு 2022இல் வந்தது. பிள்ளை பெற்றவர்களின் தொகையில் பெரிய வேறுபாடில்லை, ஆனால் நுரையில் வலி குறைவு என்றது அது. நல்ல காரியம். ஒரு பெண்ணின் வலியைக் குறைத்த எவருக்கும் நன்றி சொல்லலாம்.

எனக்குள்ள கேள்வி அந்த மேசைக்கு வெளியே தொடங்குகிறது.

யாழ்ப்பாணத்தில் என்னோடு படித்த ஒரு தோழி தினமும் காங்கேசன்துறையிலிருந்து ரயிலில் வருவாள். எங்கள் வீடு சோனகத் தெருவில். வாப்பாவின் இரும்புக்கடைக்கு அவளுடைய ஊர்ச் சீமெந்து வரும். ஆகவே எங்கள் இரண்டு பேருக்கும் சட்டையில் ஒரே தூசி என்று சிரித்துக்கொள்வோம். 1990 ஜூனில் யுத்தம் மறுபடி தொடங்கியதும் அவளுடைய குடும்பம் ஊரைவிட்டு ஓடியது. அதே வருடம் ஒக்டோபர் 30இல் எங்களை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னார்கள். அது பற்றி இந்தப் பக்கங்களில் ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அவளை நான் மறுபடி கண்டது 2011இல். கண்ட அன்று ஊரையும் வீட்டையும் பற்றிப் பேசிவிட்டு, கடைசியில் அவள் சொன்னது இந்தப் பரிசோதனையைப் பற்றி.

கல்யாணமாகி ஏழெட்டு வருடமாகியும் பிள்ளையில்லை. குழாய்ப் படம் எடுக்கவேண்டும், கொழும்புக்குப் போய் எடுத்துவா என்றார் அவளைப் பார்த்த வைத்தியர். அது 2007. முந்திய வருடம் ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபின் குடாநாட்டுச் சனங்களுக்கு வெளியேற விமானமும் கப்பலுமே மிஞ்சியிருந்தன. கப்பல் காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்கு. அதற்கு இராணுவத்தின் அனுமதி வேண்டும், அனுமதி கிடைத்தபின் இடம் வேண்டும், இடம் கிடைத்தபின் கடல் சும்மா இருக்கவேண்டும். எச்.எஸ்.ஜி.யோ மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து எண்ணி ஏழாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் செய்யவேண்டியது. இரத்தப்போக்கு நின்றிருக்கவேண்டும், சூல் வெளிப்பட்டிருக்கக்கூடாது. தப்பித்தவறிக் கரு உண்டாகியிருந்தால் கதிர் படக்கூடாது என்பதற்காக வைத்த கணக்கு அது.

“கப்பலுக்கு என்ரை நாள் கணக்குத் தெரியுமோ?” என்று கேட்டாள்.

முதல் அனுமதி கிடைத்தபோது பத்தொன்பதாம் நாள். அடுத்தமுறை நாள் சரியாக இருந்தது, கடல் சரியில்லை. மூன்றாவது முறை, நாள் எதுவாயிருந்தாலும் போய்விடுவது என்று போய், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் பொலிஸ் பதிவோடு மூன்று கிழமை காத்திருந்தாள். துறைமுகம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். பதினேழு வருடத்துக்குப் பிறகு சொந்த ஊருக்குள் போகிறாள். இறங்க முடியாது. ஜன்னலால் வெளிச்சவீடு தெரிந்ததாம். தன் வீட்டு வளவு எந்தப் பக்கமென்று தெரியாதபடி பற்றை வளர்ந்திருந்ததாம். பிள்ளை உண்டாகுமா என்று பார்க்கப் போகிறவள் பிறந்த வீட்டைப் பார்க்க முடியாமல் போனாள்.

படத்தில் வலது குழாய் வாயிலேயே அடைபட்டதாக விழுந்தது. தசை இறுகியதாகவும் இருக்கலாம், இன்னொருமுறை பார்ப்பது நல்லது என்றார்கள். இன்னொருமுறை என்பது இன்னொரு அனுமதி, இன்னொரு கப்பல், இன்னொரு லொட்ஜ். அவள் திரும்பிப் போகவில்லை. அந்தப் படம் இப்போதும் காணி உறுதியோடு ஒரே பொலித்தீன் பைக்குள் இருக்கிறது.

கதை கேட்டுக்கொண்டிருந்த நான், “உன்ர மனுசனுக்கு என்ன சொன்னவை?” என்றேன்.

“அவரை ஒருத்தரும் கேக்கேல்லையே” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நான் கேட்ட பிறகுதான் அது அவளுக்கே தோன்றியதுபோல இருந்தது.

இதைப் பொறுமையாக யோசிக்கவேண்டும். ஓர் ஆணின் விந்தைச் சோதிப்பதற்குக் கப்பல் வேண்டியதில்லை. இரண்டு முதல் ஏழு நாட்கள் உறவைத் தவிர்த்து, ஒரு சிறு போத்தலில் எடுத்து, ஒரு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் கொடுத்தால் போதும். ஊசி இல்லை, கதிர் இல்லை, உடலுக்குள் எதுவும் நுழைவதில்லை. ஒரு நுணுக்குக்காட்டியும் அதில் பார்க்கத் தெரிந்த ஒருவரும் வேண்டும். பிள்ளையின்மைக்கான காரணங்களில் ஆணின் பங்கு ஏறக்குறைய பாதித் தம்பதிகளில் தனியாகவோ மனைவியின் காரணத்தோடு சேர்ந்தோ இருக்கிறது. பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டலில், விந்துப் பரிசோதனையின் முடிவும் சூல் வெளிப்படுகிறதா என்பதும் தெரிந்த பிறகே குழாய்ப் பரிசோதனைக்குப் போகவேண்டும் என்று எழுதியிருக்கிறது. எளியதை முதலில் செய், கடினமானதைப் பிறகு செய். இதற்கு விஞ்ஞானம்கூடத் தேவையில்லை. ஓட்டை வாளியைப் பார்க்காமல் கிணற்றை இறைத்துப் பார்ப்பவர்களை நாம் என்ன சொல்வோம்?

ஆனாலும் நமது வீடுகளில் வரிசை தலைகீழாகவே இருக்கிறது. முதலில் மனைவி. அவளுக்கு இரத்தம், ஸ்கேன், குழாய், சில வேளைகளில் வயிற்றில் துளையிட்டுக் கமராவும். எல்லாம் முடிந்து எதுவும் அகப்படாத பிறகுதான் ‘தம்பியையும் ஒருக்கா’ என்று ஒரு மெல்லிய குரல் எழும். அப்போதும் தம்பிக்கு வேலை அதிகம். இது முஸ்லிம்களிடம் மட்டும் உள்ளதல்ல. என் தோழியின் வீட்டார் சைவர்கள். கடல் கடந்து டொரொன்டோவில் இருக்கும் உறவினர் வீட்டிலும் இதே வரிசைதான்.

நம்மவர்களிடம் இதற்கு மார்க்கத்தின் பேரில் ஒரு சாட்டும் இருக்கிறது. விந்தை எடுக்கும் முறை ஹராம் என்பார்கள். மனைவியின் துணையோடு எடுப்பதில் குற்றமில்லை என்பதே உலமாக்கள் பொதுவாகச் சொல்வது. உறவின்போது இதற்கென்றே செய்த உறையில் சேகரிக்கவும் வழியுண்டு. இதைத் தெரிந்துகொள்ளும் சிரமம் எடுக்காமல் ‘பேணுதல்’ என்று சொல்லிவிட்டு மனைவியை மேசைக்கு அனுப்புகிறவரிடம் ஒன்றைக் கேட்கவேண்டியிருக்கிறது. அவள் மேசையில் எப்படிப் படுக்கவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியுமா?

பெண்ணின் அவ்ரத் பற்றி நமது பிக்ஹ் கிரந்தங்கள் பேசாததல்ல. சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1993இல் புரூணையில் கூடியபோது பெண் நோயாளியை யார் பார்ப்பது என்று ஒரு வரிசை வகுத்தது. முதலில் முஸ்லிம் பெண் வைத்தியர், இல்லையேல் நம்பகமான முஸ்லிமல்லாத பெண் வைத்தியர், அவரும் இல்லையேல் முஸ்லிம் ஆண், பிறகு ஏனையோர். பார்ப்பதும் தேவைக்கு மேற்படக்கூடாது. இந்த வரிசையை நமது ஆண்கள் நன்றாக மனப்பாடம் செய்திருக்கிறார்கள். லேடி டொக்டர் இருக்கிறாரா என்று தொலைபேசியில் மூன்றுமுறை கேட்பார்கள். கேட்கவேண்டியதுதான். ஆனால் அந்தத் தீர்மானத்துக்கு அடியில் கிடக்கும் விதி வேறு. நிர்ப்பந்தம் தடுக்கப்பட்டதை ஆகுமாக்கும், ஆனால் அந்த நிர்ப்பந்தத்தின் அளவுக்கு மட்டும். அப்படியானால், கணவனின் போத்தல் இன்னும் ஆய்வுகூடத்துக்குப் போகாத நிலையில் மனைவியின் அவ்ரத்தைத் திறப்பதற்கு நிர்ப்பந்தம் எங்கே இருக்கிறது? எந்த ஆடையும் களையாமல், எவர் கண்ணிலும் படாமல் அறியக்கூடிய ஒன்றை அறியாமல் விட்டுவிட்டு மற்றதைத் திறப்பதை நான் நிர்ப்பந்தமென்று ஏற்கமாட்டேன். யார் பார்ப்பது என்று கேட்பதற்கு முன், யாரை முதலில் பார்ப்பது என்று கேட்டிருக்கவேண்டும். நான் ஆலிமா அல்ல. இந்த வாதத்தில் பிழையிருந்தால் ஆலிம்கள் இதே பக்கங்களில் எழுதட்டும். வாசிக்கக் காத்திருக்கிறேன்.

ஒரு மௌலவியிடம் இதைச் சொன்னேன். அவர் நியாயமான மனிதர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “இதை என்னிடம் யாரும் இந்த விதமாகக் கேட்டதில்லை. நோன்போடு செய்யலாமா என்றுதான் கேட்பார்கள்” என்றார். அதுவும் சின்னக் கேள்வியல்ல. ஏழாம் நாளும் பத்தாம் நாளும் ரமழானுக்குள் வந்தால் என்ன செய்வது? உள்ளே ஏதும் செலுத்தினால் நோன்பு முறியும் என்பது நமது ஷாபிஈ மத்ஹபின் பழைய நிலை. அதே அகடமி 1997இல் ஜித்தாவில், கருப்பைக்குள் கருவி செலுத்துவதால் நோன்பு முறியாது என்றது. கேட்கிற பெண் இரண்டையும் தெரிந்துகொண்டு, வேண்டுமானால் மாலைக்குப் பிறகு நேரம் கேட்கட்டும், அல்லது ஒரு மாதம் பொறுக்கட்டும்.

இனி அந்த நுரைக்கு வருகிறேன். வலி குறைந்துவிட்டது என்பதை நான் நன்றியோடு சொன்னேன். ஆனால் வலி இருந்த காலத்தில் அந்த வலி ஒரு வேலியாகவும் இருந்தது. ‘அது சரியான நோவாம், பாவம், இன்னும் கொஞ்சம் பார்ப்பம்’ என்று உம்மாமார் மகளுக்காகத் தவணை கேட்கமுடிந்தது. இனி அந்தத் தவணை கிடைக்காது. நோவில்லையாம், கதிரில்லையாம், ஸ்கேன்தானாம், போய்ப் பார்த்துவிட்டு வந்தால் என்ன? கல்யாணமாகி ஆறு மாதத்தில் இந்த ‘என்ன’ வந்துவிடும். உறவு கொண்டும் பன்னிரண்டு மாதம் கருத்தரிக்காமல் இருந்தால்தான் ஆராயவேண்டும் என்பது பொதுவான மருத்துவ அளவு (மனைவிக்கு வயது கூடியிருந்தால் அல்லது முன்பே நோய் தெரிந்திருந்தால் அவ்வளவு காத்திருப்பதில்லை). மாமியாரின் கலண்டர் அதைவிட வேகமாக ஓடும். செய்வது எளிதானால் மறுப்பது கடினமாகிவிடுகிறது. உடலுக்குள் குறைவாக நுழையும் முறை என்று இதைச் சொல்கிறார்கள். உடலைப் பொறுத்தவரை உண்மை. அந்தப் பெண்ணின் வாழ்க்கைக்குள் அது எவ்வளவு நுழைகிறது என்பதை ஸ்கேன் இயந்திரம் அளப்பதில்லை. நுரை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. என் தோழிக்கு 2007இல் ஊரிலேயே ஒரு ஸ்கேன் அறையில் இது கிடைத்திருந்தால், இரண்டாம் முறையும் பார்த்திருப்பாள். அந்த அடைப்பு உண்மையா பயமா என்று தெரிந்திருக்கும். ஆகவே நான் இதற்குச் சார்பானவள். அந்தச் சார்போடுதான் பயப்படுகிறேன்.

பயப்படுவதற்குக் காரணம் படம் எடுத்த பிறகு நடப்பவை. ‘குழாய் அடைப்பு’ என்ற இரண்டு சொற்கள் வைத்தியரின் கடிதத்திலிருந்து வீட்டுக்குள் வந்ததும் வேறு பொருள் கொள்கின்றன. அவள் குற்றமுள்ளவள் ஆகிறாள். அடைப்பு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. முந்திய பிரசவத்துக்கோ கருச்சிதைவுக்கோ பின் வந்த கிருமித்தொற்றாக இருக்கலாம். வெடித்த குடல்வாலாக இருக்கலாம். நமது தேசங்களில் சயரோகம் நெஞ்சை விட்டுவிட்டு அடிவயிற்றில் தங்குவதும் உண்டு. கிளமிடியா, கொனோரியா போன்ற தொற்றாகவும் இருக்கலாம். கணவனைத் தவிர வேறு ஆணை அறியாத பெண்ணுக்கு அது எந்த வழியால் வந்திருக்கும் என்பதை நான் விளக்கவேண்டியதில்லை. அவன் கொண்டுவந்த கிருமிக்கு அவளுடைய உடலில் தழும்பு. அந்தத் தழும்பைக் காட்டி அவளுக்கே தண்டனை.

தண்டனை என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறேன். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம், ஆண் இன்னொரு விவாகம் செய்யக் காதிக்கு அறிவித்தல் கொடுத்தால் போதும் என்றது. முதல் மனைவியின் சம்மதத்தை அது கேட்கவில்லை. 2009இல் நியமிக்கப்பட்ட நீதியரசர் சலீம் மர்சூப் குழு 2018 ஜனவரியில் அறிக்கை கொடுத்ததும், குழுவுக்குள்ளேயே கருத்துப் பிளந்ததும், தெருவில் நடந்த சண்டைகளும் வாசகர்கள் அறிந்தவை. அதற்குள் இப்போது போகவில்லை. சட்டம் எப்படியிருந்தாலும், ஊருக்கு முன்னால் நியாயம் காட்ட ஒரு காகிதம் தேவைப்படுகிறது. அந்தக் காகிதமாக எக்ஸ்ரே அறிக்கையை உபயோகித்ததை என் கண்ணால் கண்டிருக்கிறேன். புத்தளத்தில், எங்கள் அகதிக் குடியிருப்பில், ஒரு வீட்டு விறாந்தையில் நான்கு ஆண்கள் அந்தக் கறுப்புப் படத்தை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார்கள். பெண் வைத்தியர் வேண்டுமென்று தேடி அலைந்த அதே குடும்பம். அவளுடைய கருப்பையின் படத்தை நான்கு அந்நிய ஆண்கள் வெயிலில் பார்ப்பது அவ்ரத்துக்குள் சேராதோ? அந்தப் படம் தசை இறுகியதால் விழுந்ததா, உண்மை அடைப்பா என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அவளுடைய கணவன் அதுவரை எந்தப் பரிசோதனையும் செய்திருக்கவில்லை. இரண்டாம் கல்யாணம் நடந்தது. அங்கும் பிள்ளையில்லை.

இதைச் சொல்லும்போது ஒரு நண்பர் குறுக்கிட்டார். வைத்தியம் செய்வதே இறைவனின் நாட்டத்தில் தலையிடுவதல்லவா, விரும்பியவருக்கு ஆண், விரும்பியவருக்குப் பெண், விரும்பியவரை மலடாக்கவும் செய்கிறான் என்றுதானே இருக்கிறது என்றார். அந்த வசனத்தை அவர் சரியாகவே விளங்கியிருக்கிறார். ஆனால் அதில் மலடு என்பது பெண்ணுக்கு மட்டும் என்று எங்கே இருக்கிறது? ஸக்கரிய்யா நபியின் பிரார்த்தனையை மர்யம் சூராவில் படித்துப் பாருங்கள். பிள்ளை கேட்கத் தொடங்கும்போது அவர் முதலில் சொல்வது தன்னுடைய எலும்பு பலவீனமடைந்ததையும் தன்னுடைய தலை நரைத்ததையும்தான். மனைவியின் நிலை பிறகுதான் வருகிறது. ஆலு இம்ரானிலும் தன் முதுமையை முந்திச் சொல்கிறார். நன்மாராயம் கிடைத்து வியந்து கேட்கும் மர்யம் சூராவின் இடத்தில் இந்த வரிசை மாறி வருகிறது, அதையும் சொல்லிவிடவேண்டும். இதைக்கொண்டு நான் சட்டம் வகுக்கவில்லை. கேட்கப் போகிற ஆண் தன்னிடமிருந்து தொடங்கினான் என்பதை மட்டும் கவனிக்கிறேன். பிள்ளையில்லாமை ஒரு பெண்ணின் மதிப்பைக் குறைப்பதாக இருந்தால் ஆயிஷா நாயகியை நாம் எந்த வாயால் உம்முல் மூமினீன் என்கிறோம்? அவருக்குப் பிள்ளையில்லை. உம்மு அப்துல்லாஹ் என்ற பெயரை நபியவர்கள் அவருக்குச் சூட்டினார்கள்.

2023இல் உலக சுகாதார நிறுவனம், வளர்ந்தவர்களில் ஆறு பேருக்கு ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது பிள்ளையின்மையை அனுபவிக்கிறார் என்று சொன்னது. அப்படிப் பார்த்தால் ஒரு ஜும்ஆத் தொழுகையின் ஒவ்வொரு ஸப்பிலும் பலர் இருக்கவேண்டும். எழுந்து சொன்னவர் யாரையும் நான் அறியேன். தெருவுக்குத் தெரிந்திருப்பவை அவர்களுடைய மனைவிமாரின் பெயர்கள்தான்.

என் தோழி போர் முடிந்து பல வருடங்கள் கழித்து விடுவிக்கப்பட்ட தன் காணிக்குத் திரும்பிவிட்டாள். 2015 ஜனவரியில் ரயில் மறுபடி காங்கேசன்துறைக்கு ஓடத் தொடங்கியது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்குக் கப்பல் விட்டார்கள். கப்பல் என்ற சொல்லைக் கேட்டால் அவளுக்கு இன்னும் நாள் எண்ணத் தோன்றுமாம். அவளுடைய கணவர் நல்ல மனிதர். ஒருபோதும் அவளைக் குறை சொன்னதில்லை, இன்னொரு கல்யாணம் பற்றி நினைத்ததுமில்லை. நல்ல மனிதர்களின் வீட்டிலும் அந்த வரிசை தலைகீழாகவே இருந்திருக்கிறது என்பதுதான் என்னை இதை எழுதவைத்தது. கெட்டவர்களைப் பற்றியென்றால் நான்கு வரியில் திட்டி முடித்திருப்பேன்.

சென்ற வருடம் என் ராத்தாவின் மகள், கல்யாணமாகிப் பதினான்கு மாதம் ஆனவள், குழாய்ப் பரிசோதனைக்கு நாள் எடுத்துவிட்டுத் துணைக்கு வரச்சொல்லி என்னைக் கேட்டாள். “நோகுமா சாச்சி?” என்றாள். வைத்தியரிடம் கேட்கவேண்டிய கேள்விகளை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். எந்த முறையில் செய்யப்போகிறார்கள், அடைப்பென்று விழுந்தால் உறுதிப்படுத்த என்ன வழி, அறிக்கையை யார் கையில் கொடுப்பார்கள். பிறகு, “மகள், மருமகன்ட பரிசோதனை முடிஞ்சிட்டா?” என்றேன். அவள் பேசவில்லை. பக்கத்து அறையில் இருந்த அவன் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். வெளியே வந்து, எங்கே கொடுக்கவேண்டும் என்று என்னிடமே கேட்டான். காது சிவந்திருந்தது. ஆய்வுகூடத்தின் பெயரைச் சொன்னேன். எத்தனை நாள், எத்தனை மணித்தியாலம் என்ற கணக்கை, பாடசாலையில் சொல்வதுபோல, முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

குழாய்ப் பரிசோதனைக்கு எடுத்த நாளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள். வியாழக்கிழமை அவனே மோட்டார் சைக்கிளில் போய் அறிக்கையை எடுத்துவந்து அவளிடம் கொடுத்தானாம். அதில் என்ன இருந்ததென்று அவர்கள் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.